நாலு விரல் முன்னால்

அந்த நாடக அரங்கத்தில் அவளை எல்லாரும் ஓரத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையின் வலது பக்கம், திரைக்கும் தூணுக்கும் நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கிற அளவுக்கு ஒரு சந்து உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவள் இடம். அங்கே நின்றுதான் ஒவ்வொரு நாடகத்தையும் படம் எடுப்பாள். அரங்கத்தின் நுழைவுக் கூடத்தில் மாட்டியிருக்கிற படங்கள், நடிகர்கள் பெருமையாகத் தங்கள் வீட்டுச் சுவரில் தொங்கவிட்டிருக்கிற படங்கள், எல்லாம் அந்தச் சந்திலிருந்து எடுத்தவை. அக்கா கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். சந்துக்குள் நுழையும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லி மேடை ஆட்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே இழுத்துக்கொள்வாள்.

இத்தனை வருஷத்தில் அந்த இடத்துக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. காரணம் அவளுடைய கேமரா. சாதாரணமாகப் படக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிற பெரிய கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது எகிறி விழும். ‘டபக்’ என்று சத்தம் வரும். மேடையில் கதாநாயகி கண்ணை மூடிச் சாகிற நேரத்தில் ஓரத்திலிருந்து ‘டபக், டபக்’ என்று கேட்டால், செத்தவளே எழுந்து முறைப்பாள். அக்காவுடையது ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற வகை. அதற்குள் எகிறுகிற கண்ணாடியே கிடையாது. படம் எடுத்தால் பக்கத்தில் யாரோ உதட்டைப் பிரித்தது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

அதில் பார்க்கிற முறையும் வேறு. லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேல் மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலின் நடுவில் வெளுப்பாக ஒரு கட்டம். கட்டத்துக்குள் எதிரே நிற்கிற ஆள் இரண்டாகத் தெரிவார், ஒன்றிலிருந்து ஒன்று நழுவினாற்போல. லென்ஸைச் சுற்றியிருக்கிற வளையத்தை விரலால் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடும். ஒன்றானால் தூரம் சரி. படம் தெளிவாக விழும். இதை இயந்திரம் செய்து தராது, எடுக்கிறவர்தான் செய்துகொள்ள வேண்டும். லென்ஸ் வழியாகப் பார்க்காததால், லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் உலகம் ஜோராகத் தெரியும். வேலைக்கு வந்த புதிதில் அக்கா ஒரு நாடகத்தின் முதல் பாதி முழுவதையும் மூடியோடு எடுத்திருக்கிறாள். முப்பத்தாறு படத்திலும் ஒன்றுமே இல்லை. அதைச் சொன்னால் இன்றைக்கும் அவளுக்கு முகம் சிவக்கும்.

அந்தக் கேமராவை அவள் பழசாக வாங்கினாள். விற்றவர் ஒரு கல்யாணப் படக்காரர். நேர்மையான மனுஷன். இதில் ஆட்களின் கண் தெளிவாக விழுவதே இல்லை, பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். அக்கா எடுத்த முதல் பிலிம் ரோலிலேயே கண்ணிமை மயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம் போல வந்தது. அந்த ஆளுக்கு எடுக்கத் தெரியவில்லை, பாவம், என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு கட்டுவோம்.

மேடைக்குப் பின்னால் உடை அறை. அதில் உட்கார்ந்திருக்கிற தையல்காரர்தான் அக்காவின் கணவர். காலரில் எப்போதும் நாலைந்து குண்டூசி, கழுத்தில் அளவு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி. அரங்கத்துக்கு அவளுக்கு முன்பே வந்தவர். தான் தைத்த கோட்டின் முதுகுப் பக்கத்தை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு முதலில் வந்தார். அப்புறம் அவர் கேட்டதற்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்லை. இருவருமாகச் சேர்ந்து காலையில் வந்து சேர்ந்தே வீடு திரும்பி இருபது வருஷம் ஓடிவிட்டது. சண்டை உண்டு, பெரிதாக ஒன்றும் இல்லை. ஜன்னல் கதவைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்கிற அளவில்தான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குப் புது மேனேஜர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொன்னால் கதைக்கு வசதியாக இருக்கும், ஆனால் பொய். சுறுசுறுப்பான ஆள். நாடகம் பார்த்தவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் படங்கள் அவர்கள் கைபேசியில் இருக்க வேண்டும், அப்போதுதான் நாலு பேருக்குக் காட்டுவார்கள், அடுத்த காட்சிக்குக் கூட்டம் வரும் என்றார். பிலிமைக் கழுவி அச்சுப் போட அக்காவுக்கு இரண்டு நாள் ஆகும். இரண்டு நாளில் ஜனங்கள் நாடகத்தின் பெயரையே மறந்துவிடுகிறார்கள் என்றார் மேனேஜர். அதுவும் உண்மைதான்.

அக்கா ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை. அவள் கேமராவைச் செய்த அதே கம்பெனி, அதே வடிவத்தில் டிஜிட்டல் கேமரா போட்டிருப்பது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதே மூலை ஜன்னல், அதே வெளுத்த கட்டம், அதே வளையம். அவளிடம் இருந்த லென்ஸையே அதில் மாட்டிக்கொள்ளலாம். பிலிம் இருக்கிற இடத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு சில்லு, முதுகில் ஒரு சின்னத் திரை, இவ்வளவுதான் வித்தியாசம். வாங்கி வந்த அன்று சாப்பிடும்போதுகூட மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். புதுக் குழந்தையைப் பார்க்க வந்தவர் போலத் தையல்காரர் எட்டி எட்டிப் பார்த்தார்.

முதல் நாடகத்தை அதில் எடுத்தாள். கைக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. இருட்டு மேடை என்பதால் லென்ஸின் வாயை முழுக்கத் திறந்துதான் எடுக்க வேண்டும். அப்போது வளையம் குறித்த தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும், அதற்கு முன்னும் பின்னும் மங்கிவிடும். அதெல்லாம் அவளுக்குப் பழகின விஷயம். முதுகுத் திரையில் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. உள்ளங்கை அளவுத் திரையில் எதுதான் அழகாக இராது? மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

மேனேஜர் தன் மேஜையில் இருக்கிற பெரிய கணினியில் முதல் படத்தைத் திறந்தார். கதாநாயகனின் முகம் திரை முழுக்க வந்தது. கண் இரண்டும் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்த்தது போல் மங்கல். ஆனால் காது பிரமாதம். காது மடலின் வளைவு, அதிலிருந்த இரண்டு நரைமயிர், ஒட்டின பவுடர் எல்லாம் அச்சடித்தாற்போல் விழுந்திருந்தது. அடுத்த படத்திலும் காது. அதற்கடுத்ததிலும் காது. நூற்றுப் பத்துப் படம், நூற்றுப் பத்துக் காது. இதை அரங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டால் காது டாக்டர் விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று சொல்லி மேனேஜர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து வார்த்தை மாறாமல் கணவரிடம் சொன்னாள். அடுத்த நாடகத்தின் முதல் காட்சிக்கு மூன்று வாரம் இருக்கிறது. அன்றைக்குப் படங்கள் சரியாக வந்தால் இடம் அவளுக்குத்தான். வராவிட்டால் அவர் ஏற்கெனவே பேசிவைத்திருக்கிற வேறொரு படக்காரர் வருவார். அவரிடம் சத்தமே வராத புதுமாதிரி கேமரா இருக்கிறதாம், தானாகவே கண்ணைக் கண்டுபிடித்துத் தெளிவாக்கிவிடுமாம். “தப்பா நினைச்சுக்காதீங்கக்கா” என்று சொல்லித்தான் சொன்னாராம். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலையிலேயே பழையதையும் புதியதையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கேமரா மெக்கானிக்கிடம் போனாள். ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறவர். அளந்துதான் பேசுவார். புதுக் கேமராவை முக்காலியில் பொருத்தி, சுவரில் கோடு கோடாக வரைந்து மாட்டியிருக்கிற அட்டைக்கு நேராக வைத்துப் பத்துப் படம் எடுத்தார். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பார்த்தார். குறை ஒன்றும் இல்லை, மயிரிழைகூடத் தப்பவில்லை என்றார். அக்காவுக்கு எரிச்சல் வந்தது. அப்படியானால் அத்தனை காதும் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அவர், எதற்கும் இருக்கட்டும் என்று பழைய கேமராவை எடுத்து அதே அட்டைக்கு நேராக வைத்துச் சோதித்தார். இரண்டு முறை சோதித்தார். பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“இதுதான் கோளாறு” என்றார். “ஆள் நிக்கிற இடத்துக்கு நாலு விரல் முன்னாடி தெளிவு விழுது. இதை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா எப்படி எடுத்தீங்க?”

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷப் படங்களும் அவள் பீரோவில் இருக்கின்றன, வந்து பார்த்துவிட்டு அப்புறம் கோளாறு சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு இரண்டு கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆனால் மனசுக்குள் ஒன்று குடைந்தது. அந்தக் கல்யாணப் படக்காரரும் இதையேதானே சொன்னார். ஒரே கேமராவைப் பற்றி இரண்டு பேர் ஒரே குறையைச் சொல்கிறார்கள், தன் கையில் மட்டும் அந்தக் குறை எங்கே போய் ஒளிந்துகொண்டது?

அன்று சாயங்காலம் வீட்டு முன்னறையில் தையல்காரரை நாற்காலியில் உட்காரவைத்துப் புதுக் கேமராவால் எடுத்தாள். பார்த்தாள். காது. மறுபடி எடுத்தாள். மறுபடி காது. இருபது வருஷமாக ஊரில் இருக்கிற எல்லாரையும் எடுத்தாய், என்னை எடுக்கத் தோன்றவில்லை, இப்போது என் காதுக்காவது யோகம் அடித்ததே என்று அவர் கிண்டல் செய்தார். அவள் காதில் வாங்கவில்லை. ஐம்பதாவது படத்தின்போது அவர் கிண்டலை நிறுத்திவிட்டு அவளையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அது தையல்காரருடைய பார்வை. அளவு நாடாவை நீட்டும்போது எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள், அதை நம்பி வெட்டினால் துணி பாழ், ஆள் தன்னை மறந்து நிற்கும்போது எப்படி நிற்கிறான் என்று பார்க்க வேண்டும் என்பார் அவர். முப்பது வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“இன்னொண்ணு எடு” என்றார். எடுத்தாள். “இன்னொண்ணு” என்றார். பிறகு எழுந்து வந்து, அளவு நாடாவின் ஒரு முனையை அவள் நெற்றிக்கு நேராகப் பக்கச் சுவரில் பிடித்துக்கொண்டு மறுபடியும் எடுக்கச் சொன்னார். எதிரே இருந்த காலி நாற்காலியைப் படம் எடுத்தாள்.

“நீ முன்னால சாயற” என்றார். “வளையத்தைத் திருகிச் சரி பண்ற வரைக்கும் நேராத்தான் நிக்கற. பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு சாய்வு. நாலு விரல். சரியா நாலு விரல்.”

அவள் நம்பவில்லை. அவர் நாடாவைக் காட்டினார். மறுபடி எடுத்துப் பார்த்தாள். சாய்ந்தாள். அவளுக்கே தெரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பழைய கேமரா ஆளுக்கு நாலு விரல் முன்னால் தப்பிக்கொண்டிருந்தது, இவள் ஆளை நோக்கி நாலு விரல் முன்னால் சாய்ந்து அதை ஈடுகட்டிக்கொண்டிருந்தாள். தப்பும் தப்பும் கைகோத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் சரியாக வேலை செய்திருக்கின்றன. புதுக் கேமராவிடம் தப்பு இல்லை. அதனால் இவளுடைய தப்பு மட்டும் தனியாக வெளியே வந்து நிற்கிறது. சாய்ந்து கண்ணைத் தாண்டிப் போய்விடுகிறாள், கேமரா தன் வேலையை ஒழுங்காகச் செய்து காதைப் பிடிக்கிறது. அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்தக் கல்யாணப் படக்காரரை நினைத்து வெட்கமும் வந்தது.

காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். முடியவில்லை. சாயாமல் நிற்கப் பழகுவது என்று முடிவு செய்தாள். சாய்ந்தால் தெரிவதற்காக முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு எடுத்தாள். அது போதாதென்று தையல்காரர் பழைய பெல்ட் துணியை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையை அலமாரிக் கைப்பிடியில் முடிச்சுப் போட்டார். அலமாரிதான் முன்னால் நகர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கேட்க வந்தவள், கட்டிப்போட்ட அக்காவையும் எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்த தையல்காரரையும் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள். இந்தப் பயிற்சிக்காக அக்கா ஒத்திகைகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். வழக்கமாக ஓர் ஒத்திகையையும் விடமாட்டாள்.

பத்து நாளில் சாய்வு குறைந்தது. கண் தெளிவாக விழ ஆரம்பித்தது. ஆனால் படம் செத்துப்போயிருந்தது. சாயக்கூடாது, சாயக்கூடாது என்று சொல்லிக்கொண்டே எடுத்ததில் விரல் எப்போதும் ஒரு நொடி பிந்தியது. தையல்காரர் சிரித்து முடித்த பிறகு வாய் மூடுகிறது, அதுதான் படத்தில் இருக்கிறது. அவளே பார்த்துவிட்டுச் சொன்னாள், அடையாள அட்டைக்கு எடுத்தது போல் இருக்கிறது என்று. இரண்டு நாள் அவள் கேமராவைத் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் தையல்காரர் துணி வெட்டிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

“ஒருத்தருக்கு ஒரு தோள் இறக்கமா இருந்தா நான் என்ன பண்றேன்? தோளை ஏத்திக்கிட்டு வான்னா சொல்றேன்? சட்டையை அதுக்குத் தகுந்தாப்பல வெட்டறேன். நீ ஏன் உடம்பை வெட்டிக்கிட்டு இருக்கே?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கத்தரிக்கோலால் புதுக் கேமராவைச் சுட்டிக் காட்டினார்.

இருவரும் மெக்கானிக்கிடம் போனார்கள். புத்தம் புதுக் கேமராவை நாலு விரல் தப்பாக்கித் தர வேண்டும் என்று கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தப்பைச் சரி செய்துதான் இத்தனை வருஷம் சோறு சாப்பிட்டேன், சரியாக இருப்பதைக் கெடுத்ததில்லை, கெடுக்கவும் மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். அக்கா கெஞ்சிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. தையல்காரர் மெக்கானிக்கின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தே வேலை செய்கிறவர் என்பதால் முதுகுப்பக்கம் சட்டை மேலேறி, முன்பக்கம் தொளதொளவென்று தொங்கியது. கடையில் அளவு பார்த்து வாங்கின சட்டை, அளவெல்லாம் சரி, உங்களுக்கு மட்டும் சரியில்லை, இல்லையா என்று கேட்டார். மெக்கானிக் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

கேமராவைத் திறந்து உள்ளே இருந்த ஒரு சின்னத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். அதற்கு முன்னால் அக்காவை அட்டைக்கு எதிரே நிற்கவைத்து இருபது படம் எடுக்கச் சொல்லி, அவள் சாய்வை அளந்துகொண்டார். பத்து நாள் பயிற்சியில் குறைந்திருந்த சாய்வு, பயிற்சி தேவையில்லை என்று தெரிந்ததும் பழையபடி வந்துவிட்டது. முடித்த பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் ‘தப்பு. வேண்டுமென்றே செய்தது’ என்று எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டினார். பின்னால் வேறொரு மெக்கானிக் திறந்து பார்த்தால் தன்னைப் பற்றி என்ன நினைப்பான் என்கிற கவலை அவருக்கு. அடுத்த வாரமே தையல்காரர் அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்.

முதல் காட்சி பிற்பகல் மூன்று மணிக்கு. அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள். எதிர்ப்பக்கம் மேனேஜர் நின்றிருந்தார். மேடையில் விளக்கு வந்தது. ஒரு வீட்டின் முன்னறை, ஒரு மேஜை, அதன் எதிரே ஒரு வயசான அப்பா. வாடகைக்கு அறை கேட்டு ஒரு பெண் உள்ளே வருகிறாள். அக்கா கட்டத்துக்குள் முகத்தைப் பிடித்தாள், வளையத்தைத் திருகினாள், சாய்கிறோமா என்று பார்த்துக்கொண்டே அமுக்கினாள். அடுத்த படத்துக்கும் அதே யோசனை. இவ்வளவு சாய்ந்தால் போதுமா, நேற்று இதைவிட அதிகமோ, குறைவோ. இப்படியே முதல் பாதி முடிந்தது.

இடைவேளையில் நேராக உடை அறைக்கு ஓடினாள். தையல்காரர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு முதுகுத் திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கினார். மூக்கு தெளிவு. கண் மங்கல். இன்னொரு படம். மூக்கு. இன்னொன்று. மூக்கு. கேமரா சாய்வுக்காக நாலு விரல் முன்னாலேயே காத்திருக்கிறது, இவள் கட்டையாக நிமிர்ந்து நின்றிருக்கிறாள். காதுக்குப் போனது போதாதென்று இப்போது மூக்குக்கு வந்தாயிற்று. அக்கா துணிமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்றாள். கண்ணில் நீர் கட்டியது.

தையல்காரர் கேமராவை அவள் மடியில் வைத்தார். அறை கேட்டு வந்த பெண்ணாக நடிக்கிறவளின் கைப்பட்டையில் விட்டுப்போயிருந்த தையலை எடுத்துப் போட ஆரம்பித்தார். தைத்துக்கொண்டே கேட்டார்.

“வந்தவ தன் மகதான்னு அந்த அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சா, இல்லையா?”

“தெரியலை” என்றாள் அக்கா.

“அவருக்கா, உனக்கா?”

“எனக்குத்தான். நான் கவனிக்கலை.”

தையல்காரர் ஊசியை நிறுத்தினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. வந்தவள் யார், எதற்கு வந்தாள், அப்பா ஏன் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசுகிறார், எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. ஒத்திகைக்கும் போகவில்லை, இன்றைக்கும் பார்க்கவில்லை. இவ்வளவு கிட்டத்தில், எட்டடி தூரத்தில் நின்றுகொண்டு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

“நீ ஏன் சாயறேன்னு நினைச்சே?” என்றார் அவர். “அடுத்து என்ன ஆகுமோன்னு எட்டிப் பார்க்கற. அதான் சாய்வு. வேற ஒண்ணுமில்ல. போ, போய் நாடகத்தைப் பாரு.”

மணி அடித்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். கோபம்தான் அவளுக்கு முதலில் இருந்தது, இந்த மனுஷனுக்கு எல்லாம் விளையாட்டு என்று. மேடையில் அப்பாவும் அந்தப் பெண்ணும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அறையைப் பற்றி, தண்ணீர் வருகிற நேரத்தைப் பற்றி, சாவியைப் பற்றிப் பேசினார்கள். அந்நியர்கள் பேசுகிற பேச்சு. பேசிக்கொண்டே அப்பா ரொட்டியை வெட்டினார். நடுப்பகுதியைத் தனக்கு வைத்துக்கொண்டு, மொறுமொறுவென்றிருந்த ஓரத்தை மட்டும் வெட்டி அவள் தட்டில் வைத்தார். கேட்காமல் வைத்தார். சின்ன வயதில் அதற்காக அடம்பிடித்த ஒருத்திக்கு வைப்பது போல் வைத்தார். அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள். அப்பா தன்னை அடையாளம் கண்டுவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது, அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அப்பாவுக்கும் தெரிந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுபடியும் தண்ணீர் வருகிற நேரத்தைப் பற்றியே பேசினார்கள்.

அக்கா அவர்களையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எத்தனை படம் எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் ஜனங்கள் கைதட்டியபோதுதான் தன் கையில் கேமரா இருப்பதே நினைவுக்கு வந்தது.

மேனேஜர் உடை அறைக்கே கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இஸ்திரி மேஜையில் வைத்துத் திறந்தார். முதல் பாதியில் வரிசையாக மூக்கு. அவர் உதட்டைப் பிதுக்கினார். அக்கா, முதல் பாதியில் நான் நாடகம் பார்க்கவில்லை என்று சொன்னாள். அவருக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த படத்துக்குப் போனார். அந்தப் பெண் தட்டைப் பார்க்கிற படம். கண் முழுக்கத் தெளிவு. கீழிமையில் விழலாமா வேண்டாமா என்று ஒரு சொட்டு நிற்கிறது, அதில் மேஜை விளக்கின் வெளிச்சம் தெரிகிறது. மேனேஜர் அந்தப் படத்திலேயே நின்றுவிட்டார். அடுத்து அப்பாவின் முகம். அதற்கடுத்து இருவரும். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து அந்த இன்னொரு படக்காரருக்கு அங்கேயே நின்றுகொண்டு பேசினார். இப்போதைக்குத் தேவைப்படவில்லை, சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றார்.

“அடுத்த நாடகத்துக்குத் திங்கக்கிழமை ஒத்திகை ஆரம்பம்க்கா” என்றார் அக்காவைப் பார்த்து. “உங்க இடத்துக்கு வந்துடுங்க.”

அவள் தலையை ஆட்டினாள். சந்தோஷத்தை மறைக்கவும் இல்லை. தையல்காரர் குண்டூசிகளை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்; ஒரே குண்டூசியை மூன்று முறை போட்டு எடுத்தார்.

அந்த மகிழ்ச்சியில் மேனேஜருக்கு ஓர் ஆசை வந்தது. இத்தனை வருஷமாக ஒரே அரங்கத்தில் வேலை பார்க்கிறீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படம்கூட இல்லையாமே, நானே எடுக்கிறேன் என்று கேமராவைக் கேட்டார். அக்காவும் தையல்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கேமராவைக் கொடுத்து, கட்டத்துக்குள் இரண்டாகத் தெரிவதை ஒன்றாக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை. மேனேஜர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, மிகுந்த பக்தியோடு வளையத்தைத் திருகினார். விறைப்பாக நின்று அமுக்கினார். திரையில் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் வந்திருக்கிறது இல்லையா என்று கேட்டார். அருமையாக வந்திருக்கிறது என்றாள் அக்கா.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும், படம் எடுக்கிறவள் வீட்டில் இப்படி ஒரு படமா என்று கேட்காமல் போவதில்லை. இரண்டு மூக்கும் அவ்வளவு துல்லியம். கண் நாலும் மங்கல். சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதென்னவோ வாசலிலிருந்தே தெரிகிறது.